மாமி வீசினார், நான் பறக்கவிட்டேன்

அன்று வயலில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர், ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த புதிது. அவருடைய அண்ணன், கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். என் மாமியார், மாமி என்று கூப்பிடுவேன். அந்த வயலுக்குச் சொந்தக்காரரான விவசாயி. அப்புறம் நான். மாமியார் கையில் விமானம். என் கையில் ரிமோட்.

இடம், கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வைகாசி மாதம். உளுந்து எடுத்து முடிந்து வயலெல்லாம் வெறுமனே கிடந்தது. செல்போன் தெருவுக்கு ஒன்று இரண்டு வரத் தொடங்கிய காலம்.

நான் எட்டாவதோடு நின்றவள். தையல் தெரியும். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு விமானம் வந்தது. முதலில் வந்தது சிவப்பு.

என் கணவர் அங்கே துணி வெளுக்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை லீவு. ரூமில் இருப்பவர்கள் தூங்குவார்கள், பிரியாணி போடுவார்கள், படம் பார்ப்பார்கள். இவர் மட்டும் ஊருக்கு வெளியே மணல் மேட்டுக்குப் போய்விடுவார். அங்கே பணக்காரர்கள் ரிமோட் விமானம் விடுவார்களாம். இவர் வெயிலில் நின்று பார்ப்பார். விழுந்ததை ஓடிப்போய் எடுத்தும் கொடுப்பார். ரிமோட்டைத் தொட்டது கிடையாது. ஆனால் பார்த்துப் பார்த்துத் தனக்கு ஓட்டத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மாசி மாதம் லீவில் வந்தார். பெட்டியோடு நீளமாக ஒரு அட்டைப்பெட்டியும் இறங்கியது. டிவி என்றார்கள் சிலர். டிவி இவ்வளவு ஒல்லியா என்றார்கள் சிலர். வீடு நிறைய ஆள். மச்சான்தான் பிரித்தார்.

"என்னடா இது?"

"ஏரோப்பிளேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

மச்சான் சிரித்தார். "புள்ளை இல்லாத வீட்டுல பொம்மைக்கு என்னடா வேலை?"

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அப்போது குழந்தை இல்லை. நான் காலி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, எல்லோரும் சாவகாசமாக வருகிற நேரமாகப் பார்த்து சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார். தெருவே பின்னால் போனது. நாங்கள் பெண்கள் வாய்க்கால் கரையில் நின்றோம்.

அவர் செய்த தப்பு இரண்டு. சாயங்காலமானால் எங்கள் பக்கம் கடல்காற்று ஏறிவிடும். நாகூர்ப் பக்கமிருந்து அடித்துக்கொண்டு வரும். அதை மறந்துவிட்டார். இன்னொன்று வயல். சம்பா நெல் அறுத்து மிச்சம் நிற்கிற தாள் மட்டும் கண்ணில் பட்டது. வயல் சும்மா கிடக்கிறது என்று நினைத்துவிட்டார். எங்கள் ஊரில் நெல் அறுக்கிறதுக்குச் சில நாள் முன்னாலேயே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுத்து முடிக்கும்போது தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து நிற்கும். சின்ன இலைதான். குனிந்து பார்த்தால் தெரியும். இத்தனை வருடம் மணலைப் பார்த்திருந்த கண்ணுக்கு அது தெரியவில்லை. கூடப் போனவர்கள் எல்லோருக்கும் தெரியும். வேடிக்கை பார்க்கிற வேகத்தில் அவர்களும் மறந்துவிட்டார்கள்.

விமானம் ஏறியது. நன்றாகத்தான் ஏறியது. எல்லோரும் "ஓ" என்றார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சிரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. அப்புறம் அது திரும்பி இவரைப் பார்த்து வந்தது. இவர் என்னவோ செய்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, தலைகீழாகப் போய் வயல் நடுவில் குத்தியது.

கூட்டம் அப்படியே வயலுக்குள் ஓடியது.

வயல்காரர் வரப்பில் ஓடிவந்தார். "யாருடா அது உளுந்துல! ஏய், மேல ஏறுங்கடா!" கூட்டம் ஏறி முடிப்பதற்குள் பாதி வயல் மிதிபட்டுவிட்டது. அவர் கெட்ட வார்த்தை பேசுகிறவர் இல்லை. என் கணவர் பக்கத்தில் வந்து, "பாய், மேல ஓட்டுறதெல்லாம் சரிதான். கீழ என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

இவர் உடைந்த விமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இறக்கை தனி, வால் தனி.

அன்றிலிருந்து எங்கள் வீடு ஏரோப்பிளேன் வீடு ஆகிவிட்டது. அவர் தெருவில் போனால் யாராவது வாயால் சத்தம் கொடுப்பார்கள். "ஏரோப்பிளேன் வீட்டுல தைக்கக் குடுத்திருக்கேன்" என்று என் காதுபடவே பேசினார்கள். இவர் பள்ளிவாசலுக்குக் கடைசியாகப் போய் முதலில் எழுந்து வந்தார். லீவு முடிந்து கிளம்புகிற அன்று எப்போதும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறவர், அந்த முறை யாரும் எழுந்திருக்கும் முன்னால் கார் வரவழைத்துப் போய்விட்டார். மாமியின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் அப்படிப் போனதில் எனக்கு மனசு ஆறவில்லை. சம்பாதித்துப் போடுகிற மனுஷன். அவர் கடைத்தெருவில் நிமிர்ந்து நடக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவர் போன் மச்சான் கடைக்குத்தான் வரும். ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். நான் போய் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று பேசுவேன். மச்சான் காது கேட்க என்ன பேசுவது. நல்லா இருக்கோம், நல்லா இருங்க. அவ்வளவுதான். ஒருநாள் சொன்னேன்.

"இன்னொண்ணு வாங்குங்க."

"என்ன வேணும்?"

"ஏரோப்பிளேன்."

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மச்சானின் கை நின்றது.

"கிண்டல் பண்றியா?" என்று போனில் கேட்டார் இவர்.

"இல்லை. அதை வித்த கடைக்காரர் முதல்ல உங்களை எதை எடுக்கச் சொன்னார்?"

அவர் இழுத்தார். அப்புறம் சொன்னார். கடைக்காரர் மலையாளி. வெள்ளையாக ஒன்றைக் காட்டினாராம். இறக்கை வயிற்றோடு இல்லாமல் முதுகுக்கு மேலே இருக்குமாம். பார்க்கக் கொக்கு மாதிரி இருந்ததாம். இவர் சண்டை விமானம் மாதிரி இருந்த சிவப்பைக் காட்டி அதுதான் வேண்டும் என்றாராம்.

"ஏன்?"

"அது அழகா இருந்துச்சு."

"றெக்கை மேல இருந்தா என்னவாம்?"

"உடம்பு கீழ தொங்குமாம். சாஞ்சாலும் தானா நேரா வந்துருமாம். பழகுறவங்களுக்கு அதுதானாம். மெதுவாத்தான் போகுமாம்."

"உத்தரத்துல கட்டுன தூளி மாதிரியா?"

"ஆமா, அப்படித்தான்" என்றார்.

"அதையே வாங்கி அனுப்புங்க."

"யாரு ஓட்டுறது?"

"வரட்டும், பாப்போம்."

போனை வைத்ததும் மச்சான் கேட்டார். "தூளி வாங்கச் சொல்றியா, ஏரோப்பிளேன் வாங்கச் சொல்றியா?" நான் கடைப்படி இறங்கி வந்துவிட்டேன்.

ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அடுத்த வருடம் பங்குனியில் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு கேசட். அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்புவார்கள். போட்டுக் கேட்டால் இவர் குரல் இல்லை. கடைக்காரர் குரல்! இவர் கடைக்கே டேப்ரிக்கார்டரைக் கொண்டுபோய் அவரைப் பேச வைத்துப் பதிந்திருக்கிறார். "சேச்சி, முதல்ல காத்து நோக்கணும். காத்து இல்லாத நேரம் விடணும். காத்துக்கு எதிர்ல வீசணும்" என்று ஆரம்பித்தது. அக்காவுக்கு அவர்கள் பேச்சில் சேச்சி. நடுநடுவே கடைக்கு ஆள் வருகிற சத்தம், அரபி, ஹிந்தி, விலை பேசுவது எல்லாம் இருந்தது.

துணி தைத்துக்கொண்டே அதைக் கேட்பேன். தேயத் தேயக் கேட்டேன். இடது குச்சி மோட்டார் வேகத்துக்கு. வலது குச்சியைப் பக்கவாட்டில் தள்ளினால் திரும்பும். கீழே இழுத்தால் மூக்கு மேலே தூக்கும். ரொம்ப இழுத்தால் மூச்சு முட்டி நின்று விழும். ஒரு இடத்தில் கடைக்காரர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "சேச்சி, இதான் முக்கியம். விட்டுப் போகும்போது உங்க இடது, அதுக்கும் இடது. உங்களை நோக்கி வரும்போது மாறும். உங்க இடது அதுக்கு வலது. எல்லாரும் இங்கதான் இடிப்பாங்க."

அப்போதுதான் தெரிந்தது, அவர் அன்று எதில் விழுந்தார் என்று.

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே வைத்துத்தான் தைப்போம். தைக்கும்போது இடது கை வலது பக்கம் இருக்கும். திருப்பிப் போட்டால்தான் சரியாகும். காலம் முழுக்க மாறிக்கிடக்கிற துணியில்தான் என் வேலை. ஆனால் வயலில் யோசித்துக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. அதனால் எனக்கு ஒரு வழி வைத்துக்கொண்டேன். எதிரே வரும்போது இடது வலது பார்க்கக்கூடாது. என் கண்ணுக்கு எந்தப் பக்கத்து இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ள வேண்டும். வாழை சாய்கிற பக்கம்தானே முட்டுக்கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

மாமியிடம் சொன்னேன். "உனக்கென்ன பைத்தியமா? பொம்பளை வயல்ல நின்னு பட்டம் விடுறதா?" என்றார். இரவு படுத்தபிறகு அவராகவே பேசினார். "அவன் போறப்ப என் மூஞ்சியைப் பாக்காம போனான். எப்ப போறே?"

"விடியக்காலை சுபுஹு தொழுததும். அப்பத்தான் காத்து இருக்காது."

"தனியா நிக்கக்கூடாது. நானும் வர்றேன்."

வயல்காரரிடம் மாமியே போய்க் கேட்டார். அவர், "உளுந்து எடுத்துடட்டும் பாயம்மா. அப்புறம் ஆடி வரைக்கும் வயல் சும்மாதான் கெடக்கும். ஆனா அந்தக் கூட்டம் வரக்கூடாது" என்றார்.

"கூட்டம் வராது. நாங்க ரெண்டு பேரும்தான்."

"உங்க மகன் வந்துட்டாரா?"

"இல்லை. மருமவ ஓட்டப்போறா."

வயல்காரர் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததை மறைத்தார் என்று மாமி வந்து சொன்னார்.

சித்திரையில் ஆரம்பித்தோம். விமானத்தைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு இருட்டு பிரியும்போது போவோம். வழியில் மச்சான் பார்த்துவிட்டு, "காலையில எங்க?" என்பார். "கீரை பறிக்க" என்பார் மாமி. "அவ்வளவு பெரிய கீரையா?" என்பார் அவர்.

அந்த விமானத்துக்குச் சக்கரம் கிடையாது. ஒருவர் கையால் வீச வேண்டும். ஓட்டுகிறவர் கை ரிமோட்டில் இருக்கும். ஆக மாமிதான் வீச வேண்டும். முதல் நாள் "பிஸ்மில்லா" சொல்லி வானத்தைப் பார்த்து வீசினார். அது நேராக மேலே போய், நின்று, திரும்பி மாமி தலையிலேயே விழுந்தது.

"இவ்வளவு பெரிய வயல்ல என் தலைதானா கிடைச்சுது?"

"மட்டமா வீசுங்க மாமி. மாட்டுக்கு வைக்கோல் தள்ளுற மாதிரி."

"மாட்டுக்கு றெக்கை இருந்தா நான் ஏன் வயலுக்கு வர்றேன்" என்று ஏதோ முனகிக்கொண்டே அடுத்ததை மட்டமாக வீசினார். அது போனது. வரப்பைத் தாண்டியதும் மோட்டாரை அணைத்தேன். தானாக மிதந்து போய்த் தாளில் படுத்தது. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். ஆனால் பறந்தது.

கொஞ்ச நாள் அப்படி நேராக விட்டு இறக்குவது மட்டும்தான். திருப்பவே இல்லை. திருப்ப ஆரம்பித்ததும் உடைய ஆரம்பித்தது. மூக்கு போகும், வால் போகும். அது தெர்மாகோல் மாதிரி ஒரு பொருள். பகலில் உட்கார்ந்து ஒட்டுவேன். உள்ளே தென்னை ஈர்க்கைச் செருகி, பசை தடவி, மேலே பார்சல் டேப் சுற்றுவேன். ஆனியில் பார்த்தால் அதில் பாதி எங்கள் வீட்டுத் தென்னை மரம். கொஞ்சம் கனத்தது. ஆனால் கனத்தபிறகு காற்றில் ஆடாமல் போனது.

எதிரே வரும்போதுதான் பயம். சாய்கிற பக்கம் முட்டு, சாய்கிற பக்கம் முட்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நிற்பேன். ஒருநாள் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, என்னைப் பார்த்து வந்து, பக்கத்து வரப்போரம் இறங்கியது.

"வந்துட்டுது புள்ளை! திரும்பி வந்துட்டுது!" என்று மாமி சத்தம் போட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதற்கு முன்னால் அவர் என் கையைப் பிடித்ததில்லை.

ஆடியில் மேல்காற்று அடித்து, அப்புறம் உழவு வந்துவிட்டது. விமானத்தைப் பரண்மேல் வைத்தேன். மறு வருடம் உளுந்து எடுத்ததும் மறுபடி ஆரம்பித்தோம். அவரிடம் சொல்லவே இல்லை. போனில் ஒருதடவை "அது என்னாச்சு?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன்.

வைகாசியில் வந்தார். வந்தும் பழையபடிதான். கடைத்தெருவுக்கு வேலை இருந்தாலும் சந்து வழியாகச் சுற்றிப் போனார். விமானம் எங்கே என்று கேட்கவில்லை. மாமி ஒருநாள் இரவு சோறு போடும்போது சொன்னார். "நாளைக்கு சுபுஹு தொழுதுட்டு நேரா வயலுக்கு வா. அண்ணனையும் கூட்டிக்கிட்டு வா."

"எதுக்கும்மா?"

"வான்னா வா."

எனக்கு மச்சான் வருவதில் இஷ்டமில்லை. மாமி விடவில்லை. "பேசுன வாய் அது. அந்தக் கண்ணும் பாக்கட்டும்" என்றார்.

நாங்கள் விடியும் முன்பே போய்விட்டோம். காற்று இல்லை, இலைகூட அசையவில்லை. என் கணவர் வந்தார். வயல்காரரும் மாடு அவிழ்த்துக்கட்ட வந்தவர் நின்றுவிட்டார். மச்சான் வரவில்லை. கடை திறந்து, ரொட்டி வண்டிக்கு நின்று, டீ குடித்து, மெதுவாக வருகிறார். மூத்தவர் வராமல் ஆரம்பிக்கக்கூடாது என்று மாமி. சூரியன் மேலே வந்துவிட்டது. நான் போர்த்தியிருந்த துப்பட்டி முனை படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. மேற்கேயிருந்து காற்று. நான் அப்படிப்பட்ட காற்றில் ஒருதடவைகூட விட்டதில்லை.

மச்சான் வந்து வரப்பில் நின்றார். விமானத்தில் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்தார். "இதுக்கு ஏற்கனவே கட்டுப் போட்டாச்சா? இன்னிக்கு யாரு தலையில?"

"எங்க வேணா விழட்டும் பாய். உளுந்து எடுத்தாச்சு" என்றார் வயல்காரர்.

என் கணவர் முகம் இறுகிவிட்டது. ரிமோட்டைப் பார்த்தார். கையை நீட்டினார். பாதியில் இழுத்துக்கொண்டார். மெதுவாகக் கேட்டார், "யாரு ஓட்டுறது?"

மாமி சொன்னார். "நான் வீசுவேன். அவ ஓட்டுவா."

"வேணாம்மா" என்றார். "விட்டுடுங்க. போதும். போயிடுவோம்."

அந்த "போதும்" எனக்குப் பொறுக்கவில்லை. காற்றைப் பார்த்தேன். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் இன்றைக்கு விமானத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனால், அப்புறம் அவர் இந்த வயல் பக்கமே வரமாட்டார். மாமியைப் பார்த்துத் தலையாட்டினேன். மாமி மேற்கே திரும்பி, பிஸ்மில்லா சொல்லி, மட்டமாக வீசினார்.

காற்று எதிரே இருந்ததால் விருட்டென்று ஏறியது. மச்சான் "அட" என்றார். எனக்குக் கேட்டது. இடது பக்கம் ஒரு வளைவு கொடுத்தேன். வளைந்தது. காற்று முதுகில் பட்டதும் பிடித்துத் தள்ளிவிட்டது. ஒரு நொடியில் எங்கள் தலைக்கு மேலே போய், கிழக்கே வாய்க்காலைத் தாண்டி, தென்னந்தோப்புப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. சின்னதாகிவிட்டது. கொக்கு போய்ச் சிட்டு மாதிரித் தெரிந்தது.

"போச்சு" என்றார் வயல்காரர்.

மோட்டாரை முழுசாகக் கொடுத்துத் திருப்பினேன். மெதுவாகத் திரும்பியது. இப்போது மூக்கு எங்களைப் பார்த்து இருந்தது. காற்று எதிரே. வருகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. கீழே தென்னை மட்டைகள். ஒரு காற்று வந்து அடித்தது. என் கண்ணுக்கு வலது பக்க இறக்கை கீழே போனது. விமானம் வலது பக்கமாகச் சரிந்தது.

என் கணவர் கத்தினார். "லெஃப்ட்! லெஃப்ட்ல திருப்பு! லெஃப்ட்!"

சிவப்பு விமானம் விழுந்த அன்று அவர் செய்ததும் அதுதான். வலது பக்கம் போகிறது, இடது பக்கம் இழு என்று மனசு சொல்லும். இழுத்தால் இன்னும் சாயும். எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதும் என் விரல் இடது பக்கம் போகப் பார்த்தது. அவர் சொல்லி நான் செய்யாமல் இருந்ததில்லை. அதுவும் அண்ணன் எதிரில்.

"லெஃப்ட்டுங்கறேன்ல! கேக்கலையா? லெஃப்ட்!"

"பேசாம இருங்க" என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன் போல. வயல் முழுக்கக் கேட்டது. அவர் வாய் அப்படியே நின்றது. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. தாழ்ந்த பக்கம் குச்சியைத் தள்ளினேன். வலது பக்கமே தள்ளினேன்.

இறக்கை நிமிர்ந்தது.

மட்டையை உரசுகிற மாதிரி வந்து தோப்பைத் தாண்டியது. மறுபடி ஒரு பக்கம் சாய்ந்தது, முட்டுக்கொடுத்தேன். இன்னொரு பக்கம் சாய்ந்தது, கொடுத்தேன். வாய்க்காலைத் தாண்டியது. பெரிதாகிக்கொண்டே வந்தது. மோட்டார் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே போனதும் வேகத்தைக் குறைத்தேன். காற்று எதிரே தாங்கிக்கொண்டது. யாரோ மேலேயிருந்து கயிறு கட்டி இறக்குகிற மாதிரி, ஆடாமல், மெதுவாக இறங்கியது. தாளில் உட்கார்ந்தது. புரளக்கூட இல்லை.

மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வயல்காரர் போய் விமானத்தை எடுத்துவந்தார். கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மச்சான் தொண்டையைச் செருமினார்.

"இன்னொருதடவை விடு, பாப்போம்" என்றார். கிண்டல் இல்லை. கேட்டார்.

நான் ரிமோட்டை என் கணவரிடம் நீட்டினேன். "இந்தாங்க."

"வேணாம்."

"பிடிங்க. மேற்கே மட்டும் போவோம். நான் சொல்றேன்."

"மறுபடியும் விழுந்துச்சுன்னா?"

"விழுந்தா ஒட்டிக்கலாம். வீட்டுல ஈர்க்கு இருக்கு."

அவர் பிடித்தார். அவர் கட்டைவிரல் மேல் என் கட்டைவிரலை வைத்தேன். அண்ணன் எதிரில் அவர் கையைத் தொட்டது அதுதான் முதல்முறை. மாமி வீசினார். ஏறியது. எதிரே வரும்போது அவர் விரல் தப்பான பக்கம் போனது. நான் மாற்றினேன். "இடது வலது பாக்காதீங்க. சாயிற பக்கம் முட்டுக்கொடுங்க." மறுபடி எதிரே வந்தது. இந்தமுறை அவர் விரல் சரியான பக்கம் போனது. நான் என் விரலை எடுத்துவிட்டேன். எடுத்தது அவருக்குத் தெரியாது. அடுத்த சுற்றையும் தனியாகவே சுற்றினார். கொஞ்சம் முரட்டுத்தனமாக இறக்கினார். முழுசாகத்தான் இறக்கினார்.

கல்யாணத்தன்றுகூடப் பார்க்காத அந்தச் சிரிப்பு திரும்பவும் வந்தது.

திரும்பும்போது நான் படுக்கை விரிப்பை எடுத்து விமானத்தைச் சுற்றப் போனேன். "சுத்தாதே" என்றார். விமானத்தை அப்படியே தோளில் வைத்துக்கொண்டார். சந்து வழி போகவில்லை. கடைகள் எல்லாம் திறந்திருக்கிற நேரம், கடைத்தெரு நடுவே நடந்தார். பின்னால் மச்சான். அவருக்குப் பின்னால் மாமியும் நானும்.

டீக்கடையிலிருந்து ஒருவர், "என்ன பாய், இன்னிக்காவது பறந்துச்சா?" என்று கேட்டார்.

அவர் நின்றார். "பறந்துச்சு. தோப்பு வரைக்கும் போய்த் திரும்பி வந்துச்சு."

"நீங்களா ஓட்டுனீங்க?"

"என் சம்சாரம் ஓட்டுனாங்க. எங்க அம்மா வீசுனாங்க. நான் அப்புறம் கத்துக்கிட்டேன்."

டீக்கடையில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. மச்சான் முன்னால் வந்து, "நான் பாத்தேன்யா. நின்னு பாத்தேன்" என்று சொன்னார். அதற்கப்புறம் அந்தக் கதையை அவர்தான் அதிகம் சொன்னார். ஒவ்வொரு முறையும் தென்னை மரம் உயரமாகிக்கொண்டே போனது.

அந்த லீவு முழுக்க நாங்கள் காலையில் வயலுக்குப் போனோம். கிளம்புகிற அன்று அவர் தெருவில் எல்லா வீட்டிலும் ஏறிச் சொல்லிக்கொண்டு, மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். மாமி மவுத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள்.

கையில் வேலை இருக்கும்போது கையைத்தான் நம்ப வேண்டும், பக்கத்திலிருந்து யார் கத்தினாலும், அது எவ்வளவு பிரியமான குரலாக இருந்தாலும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அப்புறமும் அவரிடம் "பேசாம இருங்க" என்று சொல்லியிருக்கிறேன். மாமிக்கு ஆபரேஷன் வேண்டாம், இந்த வயசில் எதற்கு என்று எல்லோரும் நின்றபோது ஒருமுறை. மகளைத் திருச்சியில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைக்க அவர் தயங்கியபோது ஒருமுறை. இரண்டு முறையும் அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் பேசாமல் இருந்தார்.

அன்றையதையும் சேர்த்து மூன்று.